ஆறடி இடைவெளி

பெங்களூர் தொம்மலூரில் பஸ்ஸுக்கென்று தனி வழி போட்ட வருஷம், நானும் ஓஸ்வால்டும் அங்கே ஓரக்கல் பதித்தோம். என் மனைவி பாமா கலவை சுமந்தாள். நடைபாதையை ஒட்டி பஸ் போகக் கூடாது, நடுவில் ஆறடி விட்டுச் செடி வைக்க வேண்டும் என்பது எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்ட சின்ன இன்ஜினியர் சௌம்யா மேடத்தின் திட்டம். பதினைந்து நாளில் பாதித் தெருவுக்கு அந்த ஆறடி விட்டுக் கல் பதித்துவிட்டோம்.

அன்றைக்குப் பெரிய இன்ஜினியர் கோதண்டராமன் வந்தார்.

"ஆறடிய வீண் பண்றியேம்மா. சத்தம் எங்க நின்னாலும் சத்தம்தான். வித்தியாசம் காட்டு, இல்லன்னா கல்லப் பேத்துடு."

முதுகு ஒடியப் பதித்த கல்.

மேடம் எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் நடைபாதையில பேசிக்கிட்டே நடங்க. பஸ் போறப்போ ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேக்குதான்னு பாப்போம்."

கல் இல்லாத பக்கம் நடந்தோம். பஸ் உரசிக்கொண்டு போனது. "டீ குடிச்சியா?" என்றான் ஓஸ்வால்ட். "குடிச்சேன்!" என்றேன். எதிர்க் கடைக்காரர்கூட, "நானும் குடிச்சேன்!" என்றார். கல் பதித்த பக்கமும் அதே கதைதான். கலவை மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் பேசிப் பழகிய தொண்டை; எங்களுக்குப் பேச்சு என்றாலே கத்தல்.

கோதண்டராமன் சிரித்தார். "பாத்தியாம்மா? ரெண்டு பக்கமும் நல்லாவே கேக்குது. பேத்துடுங்கப்பா."

மேடத்தின் முகம் சுருங்கியது. அப்போது ஆறடிக்கு அப்பால் இன்னொரு பஸ் போனது. என் பக்கத்தில் சட்டியோடு நின்ற பாமா வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"வூட்ல நானா கத்தறேன்? நேத்து நீதானடி கத்துன!" என்றேன்.

மேடம் திரும்பினார். "அவங்க என்ன சொன்னாங்க?"

"கத்தறதுக்குன்னே பொறந்த மனுஷன், வூட்லயும் இப்படித்தான்னு சொன்னா மேடம்."

"பஸ் போறப்பவே கேட்டுச்சா!" மேடம் பாமாவின் கையைப் பிடித்துக் கல் இல்லாத பக்கம் இழுத்துப் போனார். "இங்கயும் அதே மாதிரி இவரத் திட்டுங்கக்கா."

நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பாமா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. பஸ் வந்தது. உதடு மட்டும் அசைந்தது, வெகுநேரம் அசைந்தது.

"என்னாடி?" என்றேன். "ஒண்ணும் கேக்கல மேடம்."

கோதண்டராமனே பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார். அடுத்த பஸ்ஸுக்கும் பாமா சளைக்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை.

"அப்படி என்னம்மா திட்டுன?"

"அத உங்க முன்னாடி சொல்ல முடியாது சார்."

ஓஸ்வால்ட் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். கோதண்டராமனாலும் அடக்க முடியவில்லை. "ஆயித்தும்மா, சரி சரி. கல்லு இருக்கட்டும்."

பாமா சட்டியைத் தூக்கிக்கொண்டு கல் பதித்த பக்கம் வந்தாள். ஒரு பஸ் போனது. அவள் மெல்ல இன்னொன்று சொன்னாள். எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்காதவன் போல அடுத்த கல்லுக்குக் குனிந்தேன்.