பக்கவாட்டில் பார்க்கும் கேமரா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் மண்டையைக் குடைந்து கண்டுபிடிக்கவில்லை. எங்கள் சமையலறைச் சுவருக்குள்ளிருந்து அதுவாகவே கத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் குளியலறை. அவர் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில், குழாய்கள் இறங்குவதற்கென்று ஓர் ஒடுக்கமான சந்து விட்டிருக்கிறார்கள். மொட்டைமாடியில் அதன் வாயை மூடியிருந்த பலகை காற்றில் நகர்ந்திருக்கிறது. அந்த வழியாக ஒரு பூனைக்குட்டி உள்ளே விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் உடைத்து எடுக்க வழியில்லை. மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் எங்கள் சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது. உடைப்பதென்றால் வீட்டுக்காரர் பக்கம்தான் உடைக்க வேண்டும்.

நேற்றுப் போய்க் கேட்டேன். வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"பூனைன்னு சொல்றீங்களே தம்பி, பாத்தீங்களா?"

"பாக்கல சார். சத்தம் கேக்குது."

"சத்தம் குழாய்லகூடத்தான் வரும். காத்து புகுந்தா அழுவுற மாதிரியே இருக்கும். கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க, உடைக்கிறேன். காதால கேட்டதுக்கெல்லாம் செவுத்த உடைச்சா நான் கூடாரம் போட்டுத்தான் குடியிருக்கணும்."

ஆக, பார்த்தாக வேண்டும். கை போகாத, தலை நுழையாத இடத்தை எப்படிப் பார்ப்பது? அதற்கென்றே ஒரு கேமரா விற்கிறார்கள். நீளமான வயர், அதன் நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண், கண்ணைச் சுற்றிப் பொடிப்பொடியாக விளக்குகள். மறுமுனையைக் கைப்பேசியில் செருகினால் படம் தெரியும். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தேர்ந்தெடுப்பதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு அடுத்த பகுதியே சாட்சி.

2

தொடக்கம், முதல் முயற்சி: இருள். எங்கும் இருள். அந்த இருளின் அடியாழத்தில் ஓர் உயிர்த்துடிப்பு...

("டிவி சீரியல்ல விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி வர்ற சீன் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.)

இரண்டாவது முயற்சி: மனிதன் என்பவனே ஏதோ ஒரு சந்துக்குள் தவறி விழுந்த

(இதை நானே நிறுத்திவிட்டேன். முடித்திருந்தால் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.)

மூன்றாவது முயற்சி: வீட்டுக்காரருக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டைல்ஸ் ஒட்டியிருந்தது.

இது எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. கதைக்கு ஒரு வில்லன் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேலும் அவர் குளியலறைக்குப் புதிதாக டைல்ஸ் போட்டதிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்பே அங்கே அழைத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் காட்டி ஓய்ந்தவர்தான். மனைவி படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பிறகு சொல்வாள் என்று அர்த்தம்.

அவளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தொண்டை வழியாக வயிற்றுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கிற அறையில் வேலை. பயந்து நடுங்கும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வதும், பார்த்து முடித்த கேமராவைக் கழுவி வைப்பதும் அவள் பொறுப்பு. சுவருக்குள் சத்தம் கேட்டதிலிருந்து அவள் மிக்சி போடுவதில்லை. குட்டி பயந்துவிடுமாம். எல்லாவற்றையும் உட்கார்ந்து பொடிப்பொடியாக நறுக்குகிறாள். கழுவிய பாத்திரத்தைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைக்கிறாள். வேலைக்குக் கிளம்பும்போது சுவரில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் செருப்பு மாட்டுகிறாள். இன்று காலை வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

"நேத்து விடாம கத்துச்சுங்க. இப்ப விட்டு விட்டுத்தான் கத்துது," என்றாள். "கதையை அப்புறம் ஆரம்பிங்க. முதல்ல கேமராவ வாங்குங்க."

3

அவள் வேலை முடிந்ததும் இருவருமாகக் கருவிகள் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் நாலைந்து கேமராக்களை மேசைமேல் விரித்துப் போட்டார். வழியெல்லாம் கைப்பேசியில் வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்துக்கொண்டே வந்ததில் நான் நன்றாகவே குழம்பியிருந்தேன். ஒருவர் இதைப்போல உண்டா என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். அடுத்தவர் அதே கேமராவை வாங்கி ஏமாந்து, பரம்பரைக்கே சாபம் விட்டிருப்பார்.

வயர் நீளமாக இருந்தால் மாடியிலிருந்தே இறக்கலாம். ஆனால் நீளமான வயர் துவளும், தொங்கும், தன்னைத்தானே சுற்றும். படத்தில் எது மேல், எது கீழ் என்றே தெரியாது. விறைப்பான வயர் சொன்ன பேச்சு கேட்கும், வளைத்துவிட்டால் வளைந்தபடியே நிற்கும். ஆனால் குட்டை. ஒல்லியாக இருந்தால் எந்த ஓட்டையிலும் நுழையும், வெளிச்சம் போதாது. வெளிச்சம் அதிகமானால் பக்கத்தில் இருப்பதெல்லாம் வெளுத்துப்போகும். ஒன்றைக் கையிலெடுப்பதும் கீழே வைப்பதுமாக நான் நின்றேன். படம் துல்லியமாக இருக்கும் என்று மட்டும் எல்லாப் பெட்டியிலும் அச்சடித்திருந்தார்கள்.

"எவ்ளோ தூரத்துல துல்லியம்?" என்று மனைவி கேட்டாள்.

கடைக்காரர் ஒரு கேமராவைத் தன் உள்ளங்கையை ஒட்டிக் கொண்டுபோனார். திரையில் ரேகையெல்லாம் கரைந்து ஒரே கலங்கல். நாலு விரற்கடை தள்ளிப் பிடித்ததும் ஒவ்வொரு கோடும் பளிச்சென்று நின்றது.

"ரொம்பக் கிட்டப் போனா இதுக்குக் கண்ணு தெரியாதும்மா. கொஞ்சம் தள்ளி நின்னுதான் பாக்கணும்."

(என்ன வசனம்! மனசுக்குள் குறித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்ட மனைவி என் காலை மிதித்தாள்.)

"குட்டி பயத்துல குழாய் வளைவுக்குப் பின்னாடிதான் ஒடுங்கியிருக்கும். நேரா பாக்குற கண்ணு மட்டும் இருந்தா பத்தாது," என்றாள் அவள். "எங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். சில இடத்தைப் பாக்க பக்கவாட்டுல கண்ணு வெச்சதைத்தான் எடுப்போம். அந்த மாதிரி இருக்கா?"

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு கண்ணும் இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. நேத்து ஒரு பெரியவர் வாங்கிட்டுப் போயிட்டாரு."*

வேறு வழியில்லை. நேராக மட்டும் பார்ப்பதை, விறைப்பான வயராகப் பார்த்து வாங்கிக்கொண்டோம்.

* இந்த வரியை நான் மூன்று முறை அடித்தேன். போகிறபோக்கில் ஒரு பெரியவர் வந்துபோனால் வாசகர்கள் உஷாராகிவிடுவார்கள். கடைக்காரர் அப்படித்தானே சொன்னார் என்று மனைவி சாதித்துவிட்டாள். நீங்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

4

பஸ்ஸில் வரும்போது, சொல்லாமல் வைத்திருந்ததை மனைவி சொன்னாள்.

"ஓனரோட வீட்டம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. வெளியூர் போயிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்கப்புறம்தான் வழுக்காத டைல்ஸா தேடித் தேடி வாங்கினாரு. புடிச்சிக்கிட்டு நடக்கக் கம்பி வெச்சாரு. அந்தக் கம்பி இருக்குறதே அந்தச் செவுத்துலதான். அதை உடைச்சா அந்தம்மா எதைப் புடிச்சிக்கிட்டுக் குளிப்பாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் நிம்மதியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு சுவர் தள்ளிக் குடியிருக்கிற மனிதர் எனக்கு இத்தனை நாளும் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கிறார். வெட்கத்தோடு ஒரு வருத்தமும் இருந்தது, மறைப்பானேன்: நல்ல வில்லன் ஒருவர் கைநழுவிப் போய்விட்டார். மூன்றாவது தொடக்கத்தையும் அடித்தேன். இப்போது இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமில்லை. ஒரு பக்கம் பூனைக்குட்டி, இன்னொரு பக்கம் கைப்பிடிக் கம்பி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்துவிட்டால் கதை எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

5

சிங்குக்கு அடியில், கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு விரல் போகுமளவுக்கு இடைவெளி இருந்தது. மனைவி வயரை நுழைத்தாள். என்னிடம் தரவில்லை, எனக்குக் கைப்பேசியைப் பிடிக்கும் வேலை.

செங்கல். வழிந்து அப்படியே உறைந்த சிமெண்ட். ஒட்டடை. கட்டியவர்கள் விட்டுப்போன ஒற்றைக் கையுறை. அதற்கு அப்பால் ஒரு தடித்த குழாய் வளைந்து திரும்பியது. வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கத்தல் சத்தமும் இல்லை.

"கொஞ்சம் மேல தூக்கிப் பாக்குறேன்," என்றாள்.

தூக்கினாள். வளைவுக்கு மேலிருந்து எட்டுக் கண்கள் எங்களைப் பார்த்தன.

வட்டமாக, வெள்ளையாக, இமைக்காமல். மனித வயிற்றுக்குள் எதையெதையோ பார்த்தும் அசராத என் மனைவி "ஐயோ!" என்று கத்திவிட்டாள். நான் கத்தவில்லை. (கத்தினேன்.) அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பெண்குரல் அலறியது: "என்னங்க! உள்ள ஏதோ முழிச்சுப் பாக்குதுங்க!"

 பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"கேமராவோட விளக்குங்க அது. ஓனரும் ஒண்ணு வாங்கி, அவங்க பக்கக் குழாய் ஓட்டையில விட்டிருக்காரு."

அந்தப் பெரியவர்! (மறந்திருந்தீர்கள் என்றால் நன்றி.) வாசலில் நிறுத்தி எனக்குக் கூடாரக் கதை சொல்லி அனுப்பிவிட்டு, மனிதர் நேராகக் கடைக்குப் போயிருக்கிறார். நாங்கள் போவதற்குள் நல்லதாகவும் பார்த்து எடுத்துவிட்டார்.

மனைவி சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் கூச்சத்தோடு அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு தட்டு வந்தது.

"சார், உங்களுது பக்கவாட்டுல பாக்குமா?"

"பாக்கும்னாங்கம்மா. எப்படின்னுதான் தெரியல."

"வயர்ல ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க. குழாய் வளைவுக்குப் பின்னாடி காட்டுங்க."

எங்கள் திரையில் எட்டுக் கண்களும் அணைந்தன. அடுத்த கணம், வளைவின் மறைவில் ஒரு வெளிச்சம் படர்ந்தது. அவருடைய பக்கவாட்டுக் கண் எதையோ பார்க்கத் தொடங்கிவிட்டது. எதை என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. நாங்கள் வாங்கியது நேராக மட்டும்தான் பார்க்கும். வெளிச்சம் மெல்ல ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. அப்புறம் அங்கிருந்து நகரவே இல்லை.

"சார்? என்ன சார் தெரியுது?"

 கொஞ்ச நேரம் கழித்து, பதிலுக்கு இரும்பின்மேல் இரும்பு மோதும் சத்தம் வந்தது. உளியும் சுத்தியலும். டைல்ஸ் ஒன்று தரையில் விழுந்து சிதறியது.

6

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, நிதானமாக மூன்று முடிவுகள் தரலாம் என்றிருந்தேன். நிதானத்துக்கு வழியில்லை. மனைவி வயரை என் கையில் திணித்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடிவிட்டாள்.

"ஆட்டாம புடிச்சிக்கிட்டு இருங்க. உடைக்கும்போது அவரு வயர எடுத்துடுவாரு. உள்ள வெளிச்சம் நம்மளுது மட்டும்தான்."

எனவே சிங்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, இடது கையில் வயரும் வலது கையில் பேனாவுமாக இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அ: குட்டி உயிரோடு இருக்கிறது. பார்த்ததும் வீட்டுக்காரரைப் பிறாண்டுகிறது.

முடிவு ஆ: குட்டி

(இதை எழுத மாட்டேன்.)

முடிவு இ: குட்டியே இல்லை, வெறும் காற்றுதான். இது நிற்காது. காற்றுக்காக யாரும் தன் மனைவி பிடித்துக்கொள்ளும் கம்பியைக் கழற்ற மாட்டார்கள்.

அது உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். கதைக்கு எது பொருத்தம் என்ற கவலையெல்லாம் எப்போதோ போய்விட்டது. நாளைக் காலையில் என் மனைவி இந்தச் சுவரில் காதை வைக்காமல் செருப்பு மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது.

 செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்கள் போலிருக்கிறது. திரையில் ஒரே தூசி. பிறகு சுவர் வழியாக மனைவியின் குரல், காதுக்குப் பக்கத்தில் பேசுவது மாதிரி:

"என்னங்க! ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க!"

"எதுக்கு?"

இன்னும் சத்தமாகக் கேட்டேன்:

"பழசா, புதுசா?"

"நல்லதா எடுத்துட்டு வாங்க! சீக்கிரம்!"

வயரை விட்டுவிட்டு என்னால் எழுந்திருக்க முடியாது. ஆட்டாதே என்றவள் இன்னும் விடச் சொல்லவில்லை. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? பீரோவின் மேல்தட்டில் பச்சையாக ஒன்று இருக்கும், மடிப்புக்கூடப் பிரிக்காதது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதவு திறந்திருக்கிறது, அவள் சாத்தாமல்தான் ஓடினாள். வெளியே போனதும் அடுத்த வாசல். உள்ளே நுழைந்தால் குளியலறை எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, தூசி வரும் பக்கமாகப் போங்கள். தரையில் டைல்ஸ் துண்டுகள் கிடக்கும், பார்த்துக் கால் வையுங்கள். நல்ல துண்டு எதற்கு என்று என்னைப்போல் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

போங்கள்.