தலைகீழ்க் கும்பிடு

என் புருஷன் கிளீட்டஸோட வாய்க்கு ஒரு கேட் போட்டுப் பூட்டணும். பெரியாஸ்பத்திரியில என் கைக்கு நரம்பு டெஸ்ட் எடுத்த மறுநாள், லீவு கேட்டு ஃபேக்டரிக்கு இவரே போன் பண்ணாரு. என்ன சொன்னாருன்னு கேளுங்க. "மரியசெல்விக்கு நரம்புத் தளர்ச்சி. ரிப்போர்ட்டுல அப்நார்மல்னு போட்டிருக்கு."

நரம்புத் தளர்ச்சின்னா நம்ம ஆளுங்க காதுல எப்படி விழும்? பொம்பளைக்குப் புத்தி பிசகிடுச்சு, அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலமே எங்க பாச்சாங் ஏரியா சர்ச்சு ஜெபக்குழு வீட்டுக்கு வந்து என் தலைமேல கை வச்சு ஜெபிச்சாங்க. மரத்துப் போனது என் விரலு. தலையை யாரு தொடச் சொன்னா?

சரி, ஜெபம் கெடுதல் இல்ல. ஆனா திங்கக்கிழமை புக்கிட் ரம்பாய் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனா, ஆபீஸ் புவனேஸ்வரன் ஒரு கடுதாசி நீட்டுறான். நானே விருப்பப்பட்டு வேலையை விடுறேனாம்.

"மனசு சரியில்லாதவங்கள மிஷின் பக்கம் விட முடியாதுலா அக்கா. சைன் பண்ணிட்டு ரெஸ்ட் எடுங்க."

பத்தொன்பது வருஷம் அந்த லைன்ல ஸ்க்ரூ முடுக்கியிருக்கேன். என் மக பமேலா படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு. "நாளைக்குச் சொல்றேன்"னு கடுதாசியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, நேரா டெஸ்ட் எடுத்த டாக்டர் திலகவதிகிட்ட போயிட்டேன்.

"டாக்டர், நான் அப்நார்மலா?"

"நீங்க இல்லம்மா. உங்க மணிக்கட்டு." ரிப்போர்ட்டுல விரல் வச்சுக் காட்டினாங்க. "முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் கரண்டு ஒழுங்கா ஓடுது. மணிக்கட்டைத் தாண்டத்தான் லேட்டாகுது. நாலு சொச்சம் மில்லிசெகண்டுக்குள்ள தாண்டணும், உங்களுக்கு ஆறு ஆகுது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலுக்குப் போற நரம்பு அங்க நசுங்குது. சுண்டுவிரல் நரம்பு நல்லா இருக்கு பாருங்க. அதனால இது உடம்பு பூரா பரவுற நோய் இல்ல. என்ன வேலை செய்றீங்க?"

சொன்னேன். அவங்க பேனாவை எடுத்து, வேலையால வந்த நோய்னு எழுதிக் கொடுத்தாங்க. இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு புறங்கையையும் ஒட்டி, விரலைக் கீழ தொங்கவிட்டு ஒரு நிமிஷம் வைக்கணும். நசுங்குற நரம்புன்னா பெரும்பாலும் விரல் சுருசுருன்னு காட்டிக் கொடுத்துடும். மிச்சத்தை மிஷின் டெஸ்ட் சொல்லும்.

மறுநாள் டீ நேரத்துல எங்க லைன் பொம்பளைங்க பதினொரு பேரையும் கேன்டீன்ல அப்படிச் செய்யச் சொன்னேன்.

"ஏண்டி, சாமியைத் தலைகீழாவா கும்பிடுவாங்க?"ன்னு சிரிச்சது பெரியநாயகியக்கா. அரை நிமிஷத்துல அதுவே முதல்ல கையை உதறுச்சு. ஒவ்வொருத்தியா உதறினாங்க. மொத்தம் ஏழு பேர். இத்தனை நாளா எல்லாரும் வாய்வுன்னு தைலம் தேச்சுக்கிட்டுக் கிடந்திருக்கோம். கேவலமா இருந்துச்சு எனக்கு.

ஏழு பேரையும் கூட்டிக்கிட்டு ஆபீஸுக்குப் போனேன். ரிப்போர்ட்டை மேசையில விரிச்சேன்.

"தம்பி, சத்தமா வாசிங்க. மணிக்கட்டுன்னு போட்டிருக்கா, மண்டைன்னு போட்டிருக்கா?"

புவனேஸ்வரன் வாசிச்சான். மூஞ்சி சுண்டிப் போச்சு. "உங்க ஹஸ்பண்ட்தான் நரம்புத் தளர்ச்சின்னு..."

"அவரை நான் வீட்டுல பாத்துக்குறேன். பின்னால நிக்குறாங்களே, இவங்களுக்கும் விரல் மரக்குது. இவங்களுக்கும் மனசு சரியில்லையா? அப்ப இன்னும் ஏழு கடுதாசி அடிங்க. நாளைக்கு லைன்ல ஸ்க்ரூ முடுக்க நீங்களே உக்காருங்க."

நான் சொக்சோ பாரத்தை, அதான் தொழிலாளர் காப்புறுதி விண்ணப்பத்தை, எடுத்து வச்சேன். வேலையில நோய் வந்தா அந்தக் காப்புறுதிதான் வைத்தியம் பாக்கணும். என் பக்கம், டாக்டர் பக்கம் ரெண்டும் நிரப்பியாச்சு. முதலாளி பக்கம் மட்டும் காலி.

"மேனேஜரைக் கேக்கணும் அக்கா."

"கேளுங்க. நாங்க இங்கதான் நிப்போம்."

நின்னோம். வெளிய லைன் நின்னு போச்சு. மேனேஜர் கண்ணாடிக் கதவு வழியா எட்டிப் பாத்தாரு, எங்க எட்டுப் பேரையும் எண்ணினாரு, புவனேஸ்வரனைப் பாத்து சரின்னு தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு.

புவனேஸ்வரன்கிட்ட நீட்டலாம்னு மேசையில இருந்த பேனாவை எடுத்தேன். மரத்த விரலு, பிடி நிக்கல. பேனா உருண்டு அவன் காலடியில விழுந்துச்சு. எங்கள்ல ஒருத்தியும் குனியல.

"எடுங்க தம்பி"ன்னேன். "கையெழுத்துப் போட வேண்டியது நான் இல்ல, நீங்க."