ஒரே புத்தகத்துக்கு இரண்டு விமர்சனம்

மாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைத் தொகுதி எதுவாக இருந்தாலும் அரைமார்க் அதை இரண்டு முறை படிப்பாள். முதல் முறை எல்லோரையும் போல வசனத்தோடு. இரண்டாம் முறை வசனத்தின் பக்கமே கண்ணைத் திருப்பாமல், வெறும் படங்களாக. வசனத்தை எடுத்துவிட்டாலும் கதை தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க அவள் வைத்திருந்த வழி அது. ஒரு வார இதழில் பதினோரு வருஷமாக மாங்காக்களுக்கு விமர்சனம் எழுதிவருகிறாள். எதற்கும் முழு எண்ணாக மதிப்பெண் போட மனசு வராது. ஆறரை, ஏழரை என்றுதான் போடுவாள். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் முப்பத்தெட்டு வயதிலும் உதிரவில்லை. பத்திரிகை ஆசிரியரே தொலைபேசியில் "என்ன அரைமார்க், பக்கம் ரெடியா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த வாரம் மேஜையில் நான்கு தொகுதிகள் இருந்தன. முதலாவது மாயாஜாலக் கதை. மூன்று நிலவுகள் உள்ள நாடு. "நிலவுகளை வரைவதில் காட்டிய அக்கறையில் பாதியை அரசியின் முகத்துக்குக் காட்டியிருக்கலாம்" என்று எழுதி ஆறரை போட்டாள். இரண்டாவது சண்டைக் கதை. ஒரு பாலத்தின் மேல் நாற்பத்தெட்டு பக்கம் அடிதடி நடக்கிறது. பாலம் இடிந்து விழுந்தும் இரண்டு பேரும் ஓயவில்லை. சிரித்துக்கொண்டே ஏழரை. மூன்றாவது துப்பறியும் கதை. மற்ற எல்லோரையும் நாலு கோட்டில் முடித்த ஓவியர், கண்ணாடி போட்ட ஓர் ஆளுக்கு மட்டும் ஒவ்வொரு முடியாக வரைந்திருந்தார். கொலை செய்தது யார் என்று இருபதாம் பக்கத்திலேயே தெரிந்துபோயிற்று. அதை வெளியே சொல்லாமல் ஐந்தரை போட்டாள்.

நான்காவது, இரண்டு பையன்களின் காதல் கதை. பல வருஷங்களுக்கு முன் வந்தது, இப்போதுதான் மொழிபெயர்ப்பாகிறது என்று பின்னட்டை சொன்னது. ரயில் நிலையத்தின் இரண்டு கோடியில் நிற்கும் முன்பின் தெரியாத இருவர்; சங்கிலி அறுந்த ஒரு சைக்கிள்; ஒருவன் அறைக்கு மற்றவன் குடிவருவது; நடுவில் பெரிய சண்டை; கடைசிப் பக்கத்தில் வாசலில் இரண்டு ஜோடி காலணிகள். படித்து முடித்ததும் எட்டரை என்று பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

பிறகு வழக்கம்போல இரண்டாம் முறை, வசனம் இல்லாமல் பார்க்க ஆரம்பித்தாள். சைக்கிள் வரும் பக்கத்தில் கை நின்றுவிட்டது. அந்தச் சைக்கிளை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே அல்ல, முரட்டுப் பழுப்புத்தாள் அட்டை போட்ட, மூலையெல்லாம் மழுங்கிய வேறொரு புத்தகத்தில். அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அங்கிருந்து முதல் பக்கம் நோக்கிப் புரட்டினாள். இரண்டு ஜோடி காலணிகள். சண்டை. காலியான அறை. அறுந்த சங்கிலி. கடைசியில் ரயில் நிலையத்தின் இரண்டு கோடியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கும் இருவர்.

"ஐயோ" என்றாள் அரைமார்க், ஆளில்லாத அறையில், வாய்விட்டு.

பதினைந்து வயதில் அவளுக்கும் அவள் தோழி லெஃப்டுக்கும் ஒரு விமர்சன நோட்டு இருந்தது. லெஃப்டு எல்லாவற்றையும் இடது கையால் செய்பவள். எழுதுவது, பந்து எறிவது, கோபம் வந்தால் கிள்ளுவது எல்லாம் இடது கைதான். புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் பின்னட்டைப் பக்கம்தான் முதலில் பிரியும். பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் வாடகைப் புத்தகக் கடை ஒன்று. உள்ளே ஒரே ஆள் நிற்கலாம்; இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் வாரம் ஒரு புத்தகம் எடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு நாள். படித்துவிட்டுத் தனித்தனித் தாளில் விமர்சனம் எழுத வேண்டும், மற்றவள் எழுதியதைப் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இரண்டையும் நோட்டில் ஒட்டி, மதிய இடைவேளையில் வகுப்பில் உரக்கப் படிப்பார்கள். சாப்பாட்டு டப்பாவை மூடாமல் நாற்பது பேர் கேட்பார்கள். டிராகன் செத்தால் "அச்சச்சோ" என்று முன்வரிசை சத்தம் போடும். அந்த நாட்களில் கிடைத்த மாங்காக்களை எல்லாம் மொழிபெயர்த்தவர்கள் படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, இடமிருந்து வலமாகவே அச்சிட்டிருந்தார்கள். எனவே எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்ற கேள்வியே எழுந்ததில்லை.

பழுப்பு அட்டைப் புத்தகம் மட்டும் வேறு. அது எப்படியோ கடைக்கு வந்து சேர்ந்த ஜப்பானிய மூலம். மேலட்டை கிழிந்துபோய், கடைக்காரர் இரண்டு பக்கமும் ஒரே தாளை ஒட்டித் தைத்திருந்தார். பைண்டிங்குக்காக ஓரத்தை வெட்டியதில் பக்க எண்களும் போயிருந்தன. ஓர் எழுத்துகூடத் தெரியாது. "படம் பாத்து எழுதுவோம்டி, சவால்!" என்றாள் லெஃப்டு. முதல் இரண்டு நாள் அரைமார்க்குக்கு, அடுத்த இரண்டு நாள் லெஃப்டுக்கு.

வெள்ளிக்கிழமை அரைமார்க் முதலில் படித்தாள். ஒரே வீட்டில் இருந்த இருவர் சண்டை போட்டு, பிரிந்து, கடைசியில் யாரோ எவரோ ஆகிப்போன கதை. வாழ்க்கையில் முதல்முறையாக முழு எண்: ஒன்பது. வகுப்பு அடங்கிப்போய்க் கேட்டது. பிறகு லெஃப்டு எழுந்தாள். யாரோ எவரோவாக இருந்த இருவர் ஒரே வீட்டுக்கு வந்துசேர்ந்த கதை. "இவங்க புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஆனா சண்டை கம்மி" என்று எழுதியிருந்தாள். வசனங்களைக்கூட அவளாகவே இட்டுக் கட்டியிருந்தாள். அவளும் ஒன்பதுதான் போட்டிருந்தாள்.

வகுப்பு குழம்பியது. இதற்கு முன் ஒருமுறை லெஃப்டு ஒரு மாயாஜாலக் கதையின் கடைசி நாற்பது பக்கத்தைப் படிக்காமலே விமர்சனம் எழுதி மாட்டிக்கொண்டிருந்தாள். அது போதாதா? அரைமார்க் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "இவ படிக்கவே இல்ல! முதல் பக்கத்தை மட்டும் பாத்துட்டுக் கதை கட்டறா. கதைகட்டி!" என்றாள். லெஃப்டு "நான் முழுசாப் படிச்சேன்டி, சத்தியமா" என்றாள். நாற்பது பேர் சிரித்ததில் அது காதில் விழவில்லை.

அந்தப் பெயர் பசைபோல ஒட்டிக்கொண்டது. லெஃப்டு காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தால் "கதைகட்டிக்குக் காய்ச்சலாம்" என்று வகுப்பு கண்ணடித்தது. வீட்டுப்பாட நோட்டை மறந்துவிட்டேன் என்றால் ஆசிரியைகூட நம்பவில்லை. பள்ளி முடியும்வரை அவள் அரைமார்க்கின் பக்கம் திரும்பவே இல்லை. விமர்சன நோட்டில் மீதித் தாள்கள் வெள்ளையாகவே கிடந்தன.

மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது அரைமார்க்குக்கு இருபது வயதிலேயே தெரியும். அவளுடைய பிழைப்பே அதில்தான். லெஃப்டு பொய் சொன்னாள் என்பதும் அவளுக்கு 'தெரியும்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அம்மா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லெஃப்டு இப்ப எங்க இருக்கா, தெரியுமா?"

"தெரியாம என்ன? மாசாமாசம் எனக்கு சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கறவ அவதானே. பெரிய ரோட்டு லேப்ல."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே. அவகிட்டயும் உன் பேச்சை எடுக்கறதில்லடி. எடுத்தா ஊசியைக் கொஞ்சம் அழுத்திடுவாளோன்னு பயம்."

அரைமார்க் நடந்ததைச் சொன்னாள். அம்மா பூண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நிஜமா? அவ அம்மா அன்னிக்கு எங்கிட்ட வந்து அழுதாளே. உன் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும்தான் வாயை மூடிக்கிட்டேன்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கிளம்பு, போய்ப் பாத்துட்டு வா. வெறுங்கையோட போகாதே."

"புத்தகத்தை எடுத்துட்டுப் போறேன்."

"ஆமா, புத்தகத்தாலதானே வந்தது வினை" என்றாள் அம்மா.

பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு பேர் வெறும் வயிற்றோடு, அதற்குரிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அரைமார்க் டோக்கன் எடுத்தாள். முப்பத்தொன்று. முறை வந்தபோது வெள்ளைக் கோட்டுப் போட்ட லெஃப்டு குனிந்து இடது கையால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது.

"முப்பத்தொண்ணு. வெறும் வயிறா?"

"சாப்பிட்டேன்."

"சாப்பிட்டுட்டு வந்தா எப்படிம்மா…" நிமிர்ந்தவள் நிறுத்தினாள். மூன்று எண்ணும் நேரம் பார்த்தாள். "டாக்டர் சீட்டு எங்க?"

"சீட்டு இல்ல."

"சீட்டு இல்லாம இங்க ரத்தம் எடுக்கறதில்ல."

"ரத்தம் வேணாம்டி." அரைமார்க் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

"அதை ட்ரே மேல வைக்காதே. சுத்தம் பண்ணினது."

அரைமார்க் கையிலேயே வைத்து, வலப்பக்கத்திலிருந்து திறந்து காட்டினாள். ரயில் நிலையம். லெஃப்டு பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"கிடைச்சிடுச்சா" என்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பத்தொன்பது வயசுல தெரியும். ஹாஸ்டல்ல ஒருத்தி இந்த மாதிரி வெச்சிருந்தா. இந்தப் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு சொன்னா. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, நீ பின்னாலேர்ந்து படிச்சிருக்கேன்னு."

"அப்பவே ஏன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா கதை கட்டறேன்னு சொல்லுவே."

அரைமார்க்குக்குக் காது சுட்டது. வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் நிற்கவில்லை. "தப்பு என்னோடது. மன்னிச்சுடு" என்று மட்டும் சொன்னாள்.

"என்னது?"

"மன்னிச்சுடுன்னேன்."

"இப்ப மெதுவாச் சொல்ற" என்றாள் லெஃப்டு, ஊசி உறையைப் பிரித்தபடி. "அன்னிக்கு பெஞ்சு மேல ஏறி நின்னு சொன்னே."

அரைமார்க் காத்திருப்பவர்கள் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க."

முன்வரிசைப் பெரியவர் துள்ளி எழுந்தார். "ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"ரிப்போர்ட் இல்லைங்க. நானும் இவங்களும் ஒண்ணாப் படிச்சோம். ஒரு புத்தகத்தை இவங்க சரியாப் படிச்சு எழுதினாங்க. நான் பின்னாலேர்ந்து படிச்சுட்டு, இவங்க பொய் சொல்றாங்கன்னு நாப்பது பேர் முன்னாடி சொன்னேன். பட்டப்பேரும் நான்தான் வெச்சேன். இவங்க பொய் சொல்லல. எனக்குத்தான் படிக்கத் தெரியல."

மூலையில் இருந்த ஒரு பெண்மணி, "இதுக்காகவா எங்க டோக்கனை நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்றாள். பெரியவர் அவளைக் கையமர்த்திவிட்டு, "இரும்மா. இவங்க குடுக்கற ரிப்போர்ட் எல்லாம் சரியா இருக்கும்னு சொல்ல வர்றீங்க. அவ்வளவுதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அவ்வளவுதான்."

"அது எங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

லெஃப்டு குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது, சிரிப்பா வேறெதுவுமா என்று அரைமார்க்கால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பைத்தியம்" என்றாள் கடைசியில், தலையைத் தூக்காமல். "ஒரு மணிக்கு எனக்கு இடைவேளை. வெளில பெஞ்சு இருக்கு, போய் உக்காரு. முப்பத்திரண்டு யாரு? வாங்க."

ஒன்று பத்துக்கு வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு கைப்பை வைக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தை அல்ல, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"இவனுங்க என்ன பேசிக்கறானுங்கன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது" என்றாள். "மொழிபெயர்ப்பு வந்ததே தெரியாது."

"படி."

வாசலில் இரண்டு ஜோடி காலணிகள். உள்ளே இரண்டு முதுகுகள். மேலே மூன்று வசனம். லெஃப்டு விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். "பால் வாங்கினியா? மறந்துட்டேன். சரி, காலையில வாங்கிக்கலாம்."

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நான் என்னென்னவோ எழுதியிருந்தேன்டி. உயிர் போனாலும், சத்தியம், அது இதுன்னு ஒரு முழுத் தாள்." லெஃப்டு இப்போது நன்றாகவே சிரித்தாள். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பால் வாங்கலையாம்!" சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மறுபடி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா காலையில வாங்கிக்கலாம்னு சொல்றான் பாரு. அப்ப காலையிலயும் அங்கதான் இருக்கப் போறான்."

அரைமார்க் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்தவள், குறிப்புகள் எடுத்தவள். இது அவள் கண்ணில் படவில்லை.

"அதை நான் என் விமர்சனத்துல எழுதிக்கலாமா?"

"யாரு சொன்னதுன்னும் எழுது."

"எழுதறேன்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். லெஃப்டு எழுந்தாள். புத்தகம் அவள் கோட்டுப் பைக்குள் போயிற்று. பாதிதான் நுழைந்தது.

"எப்பக் குடுக்கணும் உன் பத்திரிகைக்கு?"

"வியாழக்கிழமை."

"புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாங்கிக்க. முதல்லேர்ந்து படிக்கணும்" என்று சொல்லிவிட்டு, விலாசம் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது என்று அரைமார்க் நினைத்துக்கொண்டாள்.