ஆரோக்கியமானவர்களின் ரத்தம்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளை ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி என்பதற்காக அல்ல. அவள் ரத்தம் எடுத்தால் வலிக்காது. கையை நீட்டியவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்கும்போது அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. பேச்சு என்றால் வேதிப்பொருளால் நடக்கிற பேச்சு. உடம்பில் எங்காவது காயம் பட்டால் செல்கள் ஒரு புரதத்தை வெளியே அனுப்பும். அது போய்த் தொட்ட செல்லுக்குள் ஒரு சுவிட்ச் விழும். வீக்கம், சூடு, சிவப்பு என்று அந்த இடமே அமளிதுமளிப்படும். காயம் ஆறியதும் சுவிட்ச் அணைந்துவிடும். இதற்குப் பெயர் அழற்சி. நோயாளிகளில் பலருக்கு அந்தச் சுவிட்ச் அணைவதே இல்லை. காயமே இல்லாமல் அமளி நடந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தின் மறைவில் கட்டி வளரும். காவலுக்கு நிற்க வேண்டிய செல்களையும் அது வாயடைத்து உட்கார வைத்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியே எங்கே போவது? கூடத்தில் வேலை செய்தவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களுமாகச் சிலர் சில மாதங்களுக்கு ஒருமுறை கை நீட்டினார்கள். கணக்காளர், வாசல் காவலாளி, கண்ணாடிக் குழாய் கழுவும் அம்மாள், இரண்டு மாணவிகள். ஊசியின் கணவரும் மாட்டிக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய தம்பி மட்டும் தானாகவே வந்தான். அவன் நீச்சல்குளத்தில் பயிற்சியாளன். காலையில் ஊர் விழிக்கும் முன்பே தண்ணீரில் இறங்குகிறவன். சர்க்கரை தொடமாட்டான். லிஃப்டில் ஏறமாட்டான், அத்தான் பிழைப்பில் மண் என்று அதற்கு ஒரு கேலி உண்டு.

"ஆரோக்கியமான ரத்தம்னா என்னோடதுதான் அக்கா. மத்தவங்களதெல்லாம் சும்மா பேருக்கு எடு" என்பான்.

எடுத்த குழாய்கள் அலுவலகத்துக்குப் போய் எண் ஒட்டித் திரும்பி வரும், ஒருவருக்கு எப்போதும் ஒரே எண். எந்த எண் யாருடையது என்று கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. கையெழுத்து வாங்கும்போதே கொடுக்கிற வாக்கு அது.

அந்த முறை செல்களுக்குச் சாயம் ஏற்றி மெஷினில் விட்டபோது ஒன்பதாம் எண் தனியாக நின்றது. திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. சுவிட்ச் அணைந்த செல்கள் கீழே படுத்திருக்கும், அணையாதவை மேலே ஏறி நிற்கும். ஆரோக்கியமானவர்களின் புள்ளிகள் எல்லாம் கீழே கிடக்க, ஒன்பதின் புள்ளிகள் மட்டும் நோயாளிகளுடையதைப் போல மேலே மொய்த்தன.

குழாய் மாறியிருக்கும் என்று நினைத்தாள். மிச்சமிருந்த ரத்தத்தில் மறுபடி செய்தாள். மாறவில்லை. சளி, காய்ச்சல் என்று ஏதாவது இருந்திருக்கும் என்று மாணவிகள் சொன்னார்கள். சரி என்று விட்டுவிட்டாள். அடுத்த முறை எடுத்த ரத்தத்திலும் ஒன்பது அப்படியேதான் இருந்தது. சொல்லப்போனால் இன்னும் ஏறியிருந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. காவல் செல்களை அடக்கி வைக்கிற ஒரு கூட்டம் அதில் வளரத் தொடங்கியிருந்தது. அந்தக் கூட்டத்தை இவ்வளவு அடர்த்தியாக அவள் நோயாளிகளின் குழாயில்தான் பார்த்திருந்தாள்.

கூடத்துத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். குரலை உயர்த்தாதவர். ஊசி நீட்டிய படங்களை மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தார்.

"யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்."

"முடியாது."

"ஒரு உயிர் மேடம்."

"உயிர்தான். ஆனா இது நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லையே. மூட்டுவலிக்காரங்களுக்கும் ஏறும், பல் சொத்தை இருந்தாலும் கொஞ்சம் ஏறும். இதை வெச்சு ஒருத்தர்கிட்டப் போய் என்னன்னு சொல்லுவ? யாருன்னு தேடமாட்டோம்னு சொல்லித்தானே ரத்தம் வாங்கினோம்? நாளைக்கு யார் நம்பிக் கையை நீட்டுவாங்க?" படங்களை அடுக்கி அவளிடமே கொடுத்தார். "நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதுறேன். அவங்க சொல்ற வரைக்கும் ஒன்பதை எடுத்து ஓரமா வை."

கமிட்டி கூடவில்லை. தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. ஊசிக்கு மனிதர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கணக்காளர் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினால் அவர் ஏறிய படிகளை எண்ணினாள். குழாய் கழுவும் அம்மாள் இருமினால் கை வேலை நின்றது. மதியச் சாப்பாட்டில் யார் பாதியில் மூடி வைக்கிறார்கள், யாருடைய சட்டை தொளதொளவென்று தொங்குகிறது என்று கண் தானாகப் போயிற்று. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவருக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வைத்திருக்கிறவருக்கே தெரியாது.

கணவரை முதலில் இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு என்ன கேடு? மாடி மாடியா ஏறி இறங்குறேன்" என்றார் அவர்.

"இறங்குறது லிஃப்ட்டுல. பேசாம வாங்க."

தலை முதல் கால் வரை பார்த்தார்கள். ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அவர் சந்தோஷமாக இருந்தார். அவளுக்கும் மூச்சு வந்தது. ஆனால் அந்த நிம்மதியில் ஓர் அசிங்கம் இருந்ததையும் உணர்ந்தாள். அவருக்கு இல்லை என்றால் வேறு யாருக்கோ என்றுதானே அர்த்தம்.

மறுநாள் தேநீர் நேரத்தில் அவள் சொல்லிவிட்டாள். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. காவலாளி கோப்பையை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது.

"ரத்தம் குடுத்தவங்கள்ல ஒருத்தருக்கு ஏதோ சரியில்ல. யாருன்னு எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது. எல்லாரும் ஒரு தடவை டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடுங்க. வீட்ல இருந்து குடுத்தவங்களுக்கும் சொல்லிடுங்க."

குழாய் கழுவும் அம்மாள்தான் முதலில் எழுந்தார். "நல்லாத்தானேடி இருந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலைக்குள் ஒவ்வொருவராக அவளைத் தனியாகப் பிடித்தார்கள். கணக்காளர் கதவைச் சாத்திவிட்டு, "என்கிட்ட மட்டும் சொல்லும்மா. நானா? குழந்தைங்க சின்னதுங்க" என்றார். தெரியாது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். இத்தனை நாள் அவள் அவர்களைப் பார்த்ததுபோல இப்போது அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

மேடம் கூப்பிட்டார். "நாளையிலிருந்து நீ ரத்தம் எடுக்க வேண்டாம். நோயாளிங்க பக்கமும் வேண்டாம். என்ன செய்யிறதுன்னு கமிட்டி சொல்லும்."

"சரி மேடம்."

"நீ செஞ்சது தப்பு. நான் செஞ்சிருக்கவே மாட்டேன்." எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "அதை நினைச்சுத்தான் எனக்கு என்னவோபோல இருக்கு."

அடுத்து வந்த நாட்களில் செய்திகள் வந்தன. காவலாளிக்கு இடுப்பில் வெறும் பிடிப்பு. கணக்காளருக்குப் பித்தப்பையில் கல், அது ஒன்றும் ஆபத்தில்லை. அம்மாளுக்கு எதுவுமில்லை, பரிசோதனைக்குப் பிறகு அவர் ஊசியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மாணவிகளுக்கும் ஒன்றுமில்லை. தம்பியிடம் முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள். "அன்னிக்கே பாத்துட்டேன் அக்கா, டாக்டரே என் நாடியைப் பிடிச்சுட்டுப் பொறாமைப்பட்டார்" என்று பிறகு கேட்டபோது அவன் சிரித்திருந்தான்.

கடைசி ஆளும் ஒன்றுமில்லை என்று சொன்ன அன்று அவள் சாயக்குப்பியைக் கீழே வைத்தாள். மற்றவர்கள் எல்லாரும் ரிப்போர்ட்டைக் காட்டியிருந்தார்கள், தம்பி மட்டும் வாயால் சொன்னதோடு சரி. பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பியின் மனைவி கதவைத் திறந்தாள். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்திருந்தாள், விரலிடுக்கில் நூல்.

"உன் வீட்டுக்காரன் டாக்டர்கிட்டப் போனானா?"

"எதுக்கு அண்ணி?" என்றாள் அவள். அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது.

மெஷினில் கிடந்தது அவனுடைய கால்சட்டை. இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது தடவை பிடிக்கிறேன். கொழுப்பெல்லாம் கரைஞ்சுடுச்சுன்னு ஒரே பெருமை. ஏன் அண்ணி, உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க?"

தம்பி குளித்துவிட்டு வந்தான். தோள்கள் அகலமாகத்தான் இருந்தன. ஆனால் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவள் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"பொய் சொன்னியா?"

"கோவிச்சுக்காத அக்கா. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தெரியுமே, போய் எதுக்கு?"

"வலி ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"முதுகுல இருக்குன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி. "ராத்திரி திரும்பிப் படுக்க முடியலன்னு."

"அது பட்டர்ஃபிளை நீச்சல் அடிக்கிறவன் எல்லாருக்கும் வர்றது" என்றான். எந்தப் பக்கம் என்று ஊசி கேட்டபோது கையை இடது விலாவுக்குக் கீழே வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

இடது சிறுநீரகத்தில் இருந்தது. ஸ்கேன் படத்தில் டாக்டர் விரலால் சுற்றிக் காட்டினார். சத்தம் போடாமல் வளர்கிற வகை, சிறுநீரில் ரத்தம் வந்த பிறகுதான் பலரும் வருவார்கள், நீங்கள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டீர்கள், எப்படி என்று கேட்டார். தம்பி அக்காவைக் காட்டினான். டாக்டர் அவளைப் பாராட்டினார். அவளால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியை எடுத்தார்கள். வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்றார்கள். கமிட்டி கடைசியில் கூடியது. அவளைக் கண்டித்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. இனி இப்படி ஏதாவது தெரிந்தால் கொடுத்தவருக்குச் சொல்லலாமா என்று கையெழுத்து வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று புது விதி எழுதியது. கணக்காளர் ஒரு நாள் அவள் மேசைக்கு வந்து ஓர் ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார்.

தம்பி தானே கேட்டான். "என் ரத்தத்தை மறுபடி பாரு அக்கா. இந்தத் தடவை பேரோடவே பாரு." மேடம் சம்மதித்தார். ஆனால் ஊசி எடுக்கக்கூடாது என்று அவரே எடுத்தார். அவருக்கு அது கைவராது. தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "மேடம், ஆபரேஷனே பரவாயில்ல" என்றான். மேடம் சிரித்ததை ஊசி அன்றுதான் பார்த்தாள்.

புள்ளிகள் இறங்கியிருந்தன. எல்லாம் கீழே, மற்றவர்களோடு மற்றவர்களாக. அடுத்த முறையும் அப்படியே. தம்பி தண்ணீரில் இறங்கிவிட்டான் என்று மனைவி போனில் சொன்னபோது குரலில் பழைய துள்ளல் இருந்தது.

அதற்கு அடுத்த முறை மேடம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊசியைக் கூப்பிடவில்லை. அவள் பின்னால் வந்து நின்றதும் நாற்காலியை மெல்ல நகர்த்தி வழி விட்டார். அவள் திரையைப் பார்த்தாள். எல்லாப் புள்ளிகளும் அல்ல. ஒரு பகுதிதான் எழும்பியிருந்தது.

"மறுபடி செய்வோம்" என்றாள் ஊசி.

"செஞ்சுட்டேன்" என்றார் மேடம். "ரெண்டு தடவை."

"இது நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்லுவேன். காய்ச்சலாவும் இருக்கலாம்." மேசையிலிருந்த போனைத் தள்ளி வைத்தார். "டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். ஸ்கேனை முன்னாடியே எடுத்துடலாம்னு சொன்னார். நாளைக்குக் காலையில. தம்பிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

குளத்தில் மதிய வெயில் தகதகத்தது. குளோரின் வாசனை மூக்கில் ஏறியது. தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு வயதான அம்மாளுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கை அவர் முதுகுக்கு அடியில். "உடம்பை விடுங்க, தண்ணி தாங்கும், பயப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு கையை மெதுவாக எடுத்தான். அந்த அம்மாள் மூழ்கவில்லை. அவன் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தபோது கரையில் அக்கா நிற்பதைப் பார்த்தான்.

"என்ன, இந்த நேரத்துல? லேப் இல்லையா?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரம் வந்தாள். அவன் சிரிப்பு சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு அந்த அம்மாளைக் கைப்பிடிக் கம்பி வரை கொண்டுபோய்ப் பத்திரமாக விட்டான்.

"இருங்கம்மா, இதோ வந்துடறேன்" என்றான்.

ஊசி கீழே கிடந்த துண்டை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏணியில் கால் வைத்து மேலே வரத் தொடங்கினான்.