கொத்தனார் கட்டிய டோஃபு

கொத்தனாருக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்பது அவர் கட்டிய வீடுகளில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். தொழிலில் குறை சொல்ல முடியாது. அவர் எழுப்பிய சுவர் ஒரு நூல் சாயாது, அவர் பூசிய தளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. ஆனால் வீட்டுக்காரர் வேலையைப் பார்க்க வந்தால், "இந்த இடத்துல ஜன்னல் வைக்கச் சொன்ன புத்திசாலி யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கமே சொல்வார். கலவை மெஷின் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றதில் காது வேறு மந்தம். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள்.

இந்த வாய்தான் மகளின் கல்யாணத்தில் தன் வேலையைக் காட்டியது. மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒல்லியான, அமைதியான மனிதர். கறி, மீன், முட்டை, பால், தயிர் எதையும் தொடமாட்டார். கல்யாண விருந்தில் அவர் முதல் கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில், கொத்தனார் பக்கத்திலிருந்த சித்தாளிடம் ரகசியமாக, "கறி திங்காதவனை நம்பிப் பொண்ணு கொடுக்கிறதும், வெறும் மணல்ல சுவர் வைக்கிறதும் ஒண்ணுதான்" என்றார். அந்த ரகசியம் மண்டபத்தில் இருந்த முந்நூறு பேருக்கும் கேட்டது. மாப்பிள்ளை கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். மகளும் பின்னாலேயே போனாள். பதினாலு மாதம் ஆகிவிட்டது, இரண்டு பேரும் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கொத்தனாருக்கு மகள் என்றால் உயிர். அவள் இல்லாமல் வீடு அவருக்குப் பிடிக்கவேயில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக எத்தனையோ முறை மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். ஆனால் அந்தப் பக்கம் எடுத்ததும், "அங்க மழையா?" என்று கேட்பார். மழை இல்லை என்று பதில் வரும். இங்கேயும் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார். ஊரையே கேட்க வைக்கிற வாய்க்கு மன்னிப்பு என்கிற ஒரு சொல் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

போன வாரம் மகளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வருகிறோம் என்றாள். கொத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"அப்பா, உங்க கையால நீங்களே அவருக்கு டோஃபு சமைச்சுப் போடணும். அம்மா கரண்டியைத் தொடக் கூடாது. இந்தத் தடவையும் அவர் சாப்பிடாம எழுந்தார்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

டோஃபு என்றால் என்ன என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவியின் போனுக்கு ஒரு செய்முறை வந்து விழுந்தது. 'டோஃபு: முதல்முறை சமைப்பவர்களுக்கு' என்று தலைப்பு. சோயா பாலைத் திரியவைத்துக் கட்டியாக்கியது, பனீர் மாதிரி இருக்கும் என்று மனைவி படித்துச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டேன், கேட்டால் படித்துக் காட்டுவேன், அவ்வளவுதான் என்றும் சொன்னாள். பேசினவர் சமைக்கட்டும் என்பது அவள் கட்சி.

சனிக்கிழமை காலையிலேயே கொத்தனார் கடைக்குப் போய் மூன்று கட்டிகள் வாங்கி வந்தார். ஒன்று போதும் என்று கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. எந்த வேலையிலும் சேதாரம் என்று ஒன்று உண்டு என்பது அவர் அனுபவம். உறையைப் பிரித்து ஒரு கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்தது. வெள்ளையாக, ஈரமாக, நான்கு மூலையும் சரியாக, அச்சில் இருந்து அப்போதுதான் எடுத்த செங்கல் போலவே இருந்தது. இதுவா நமக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

"முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

மனைவி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, "ஒரு துணியில் சுற்றி வைக்கவும்" என்று படித்தாள்.

அடுத்த வரியை அவள் படிப்பதற்குள் அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். துணியைச் சுற்று என்றால் கொத்தனாருக்கு ஒரே அர்த்தம்தான். புதிதாகப் போட்ட தூணுக்குச் சாக்கைச் சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விழும். முப்பது வருஷத்தில் அவர் காய்ந்த துணியை எதற்கும் சுற்றியதே கிடையாது. முதல் கட்டியைச் சொட்டச் சொட்ட நனைத்த துணியில் சுற்றி, ஃப்ரிஜ்ஜில் வைத்து, காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீர் காட்டினார். ஃப்ரிஜ்ஜுக்குக் கீழே குளம் கட்டியது. மனைவி பார்த்தாள். படிப்பது மட்டும்தான் தன் வேலை என்பதால் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பதினாலு மாதக் கோபம் அவளுக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அடுப்பில் வாணலியை ஏற்றி எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் நனைந்த கட்டியை முழுசாகத் தூக்கி உள்ளே இறக்கினார்.

அதன்பிறகு நடந்ததை அவர் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. பட்பட்டென்று எண்ணெய் வெடித்து நாலா பக்கமும் பறந்தது. கொத்தனார் ஓடிப்போய் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, புதிதாக வாங்கி வைத்திருந்த கரணையோடு திரும்பி வந்தார். சுவரில் சாந்து பூசுகிற கரணை. கட்டியைப் புரட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று அடியில் கரணையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். அதே நேரம் முழங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் தெறித்தது. கை தானாகத் துள்ளியது. சாந்தை வீசி அடித்துப் பழகிய கை என்பதால் வீச்சு கச்சிதமாக இருந்தது. பாதிக் கட்டி கூரைக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. மீதிப் பாதி கஞ்சியாகி எண்ணெயில் மிதந்தது.

கொத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். நல்ல பிடிமானம் என்று அந்த நிலையிலும் அவருக்குத் தோன்றியது.

மனைவி வாசலில் நின்றபடி அடுத்த வரியைப் படித்தாள். "கனமான பொருளை மேலே வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றவும்."

"தண்ணியை எடுக்கணும்னு நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்து நீங்க நிக்கலையே" என்றாள் அவள்.

இரண்டாவது கட்டிக்கு அவர் ரொம்பவும் உஷாராக இருந்தார். கனமான பொருள் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பின்கட்டில் இருந்து செங்கற்களை எடுத்து வந்து, தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டார். டோஃபுவின் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு செங்கல். ஓரத்தில் மெல்லத் தண்ணீர் கசிந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் கதை வேறு. ஒரே ஒரு செங்கலோடு எந்த வேலையையும் முடித்துப் பழக்கமில்லாத மனிதர், இரண்டாவது வரிசைக்கு இரண்டு செங்கல், மூன்றாவது வரிசைக்கு இணைப்பு மாற்றி இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போனார். ரசமட்டத்தை மேலே வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். நிற்கவில்லை. அடியில் டோஃபு ஒரு பக்கமாக நழுவிக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்ட மறுபக்கம் இன்னொரு செங்கல் வைத்தார். தட்டு நச்சென்று சமையல் மேடையைத் தொட்டது. நான்கு பக்கமும் வெள்ளைக் கூழ் பிதுங்கி வந்து மேடையில் வழிந்தது.

"வீடு கட்டச் சொல்லலீங்க" என்றாள் மனைவி.

அப்போது மணி பதினொன்றே முக்கால். கடைக்குப் போய் வந்தால் சமைக்க நேரமிருக்காது. மேடையில் ஒரே ஒரு கட்டி இருந்தது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். இதுவும் போனால் மகள் போனாள். வாசலோடு திரும்பிவிடுவாள், அப்புறம் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"முழுசாப் படி" என்று மனைவியிடம் சொன்னார். "கடைசி வரைக்கும் படி. நான் எந்திரிக்க மாட்டேன்."

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் அவளை முழுசாகப் பேசவிட்டது அதுதான் முதல் தடவை. அவள் நிதானமாக ஆரம்பத்தில் இருந்து படித்தாள். அவரும் நிதானமாகக் கேட்டார். காய்ந்த துணி. மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு பாத்திரம் போதும். அரை மணி நேரம். பிறகு துண்டு போட்டு, சோயா சாஸும் பூண்டும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிசறி, சோள மாவில் புரட்டி, கொஞ்சமாக எண்ணெய் விட்டு வறுக்க வேண்டும். ஒரு பக்கம் சிவக்கும்வரை கண்டிப்பாகத் தொடக் கூடாது.

அரை மணி நேரமும் அவர் பாத்திரத்தை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். துணி நனைந்தது, கட்டி இறுகியது. விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். ஒன்பது துண்டுகள் போட்டார். ஆனால் சோள மாவில் ஒரு துண்டைப் புரட்டியதும் மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. துண்டு அவ்வளவு வழவழப்பு.

இங்கேதான் கொத்தனார் யார் என்பது தெரிந்தது. வழவழப்பான சுவரில் பூச்சு நிற்காது. கொத்திவிட வேண்டும். செய்முறை எழுதியவருக்குத் தெரியாவிட்டால் அது அவர் தலையெழுத்து. ஒரு முள்கரண்டியை எடுத்து, ஒன்பது துண்டுகளின் எல்லா முகங்களையும் சுரண்டிச் சொரசொரப்பாக்கினார். பிறகு சாஸ், பிறகு மாவு. கப்பென்று பிடித்துக்கொண்டது. வாணலியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூச்சு இறுகும் முன்னால் தொட்டால் பெயர்ந்து வரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு துண்டும் பொன்னிறமாக மொறுமொறுவென்று வந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். தட்டுகளை எடுத்து வைக்கப் போனாள்.

ஒரு மணிக்கு வந்தார்கள். மகள் இளைத்திருந்தாள். மாப்பிள்ளை முன்பு போலவே ஒல்லியாக இருந்தார், வெளியே மழை இல்லை என்று அவராகவே சொன்னார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கொத்தனார் ஒன்பது துண்டுகளையும் மாப்பிள்ளை தட்டிலேயே வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார். மகளும் மனைவியும் சோற்றைக் கையில் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மொறுக் என்ற சத்தம் கொத்தனாரின் மந்தமான காதுக்கே கேட்டது. மென்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார்.

இதுதான் நேரம் என்று கொத்தனார் வாயைத் திறந்தார். "கொத்திவிட்டாத்தான் பூச்சு நிக்கும்" என்றார். மறுபடியும் திறந்தார். "தண்ணி மட்டும் போயிடணும்" என்றார். மூன்றாவது முறை திறந்தபோது என்ன வந்துவிடுமோ என்று அவருக்கே பயமாகிவிட, சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை காலித் தட்டோடு உள்ளே வந்தார்.

"மாமா, இன்னும் இருக்கா?"

இல்லை என்றார் கொத்தனார். மூன்று வாங்கினேன், இரண்டு போய்விட்டது என்றார். எங்கே போயிற்று என்று மாப்பிள்ளை கேட்டார். கொத்தனார் வழித்து வாளியில் போட்டிருந்த ஒன்றைக் காட்டினார். இன்னொன்றுக்கு விரலை மேலே நீட்டினார். மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். கூரையில் இருந்து ஓரமாகப் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது அது. அந்த அமைதியான மனிதர் தட்டை மேடையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொத்தனாருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் திறந்த வாயில் அந்தச் சொல்லும் எப்படியோ வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு மாப்ளே. முந்நூறு பேருக்கு முன்னாடி உங்களை அசிங்கப்படுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார்.

"அவங்களை எல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன் மாமா" என்றார். "ஆனா அன்னைக்குக் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. ரொம்பப் பசி."

பதினாலு மாதமாகக் கொத்தனார் அந்த முந்நூறு பேரையும் தன் மானத்தையும் பற்றித்தான் நினைத்து மருகியிருந்தார். இந்தப் பிள்ளை தன் கல்யாணத்தன்று பட்டினியாகப் போனது ஒருநாள்கூட அவர் புத்தியில் ஏறவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். டோஃபு வாங்கிய கடையை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள், அதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.