சொட்டுகிற சட்டை

ஆளில்லாத வீடுகளில் ஆள் இருப்பதுபோலக் காட்டுவதுதான் திரைக்காரியின் வேலை. அரசாங்க வேலை, அதனால் சிரிக்கக் கூடாது. முதலில் ஊரில் குழாயில் தண்ணீர் நின்றது, பிறகு லிப்ட் நின்றது, கேள்வி கேட்பதும் நின்றது. ஜனங்கள் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு நகரத்தை விட்டே போனார்கள். குழாயைச் சரிசெய்ய அரசுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் குடியிருப்புத் தோற்றத் துறை என்று ஒன்றைத் திறந்து வைத்தது. தலைவரின் கார் போகும் சாலையைப் பார்த்த வீடுகளில் காலையில் திரையை விலக்கி, கொடியில் துணி போட வேண்டும். சாயங்காலம் எடுத்து மடித்து வைக்க வேண்டும். துணியும் துறை கொடுத்ததுதான். துவைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? தூசி தட்டி அப்படியே போடுவார்கள்.

சில நாட்களாக அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படியில் யாராவது செருமினால் திரையைப் பாதியில் விட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். காரணம் ஐந்தாவது மாடி மூலை வீட்டில் ஒளிந்திருந்தான். அவள் தம்பி.

தம்பி மின்வேலைக்காரன். அவர்கள் தெருக் கம்பத்தில் ஒலிபெருக்கி ஒன்று விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை அறிவிப்புகளைக் கத்திக்கொண்டே இருக்கும். எப்போது நடக்கலாம், எத்தனை பேர் சேர்ந்து நிற்கலாம், யாரை நினைத்துப் பெருமைப்பட வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். ஒருநாள் அவன் கம்பத்தில் ஏறி அதன் வயரை வெட்டிவிட்டான். மறுநாளே சுவரெல்லாம் அவன் முகம், 'அரசின் குரலை அறுத்தவன்' என்று. நல்லவேளை, அரசாங்க அச்சகத்தின் லட்சணத்தில் மை அப்பி, அந்த முகம் ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தியது.

"ஊரே கேட்டுட்டு சும்மா இருக்கு. உனக்கு மட்டும் காது குடையுதாடா?" என்று அவள் திட்டாத நாளில்லை.

"உனக்குப் பழகிப்போச்சுக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. முதல்ல அந்த வயர் வெட்டுற பிளேயரைத் தூக்கிப் போடு. மாட்டினா அதுவே சாட்சி."

போடுகிறேன் என்றான். போடவில்லை, மெத்தைக்கு அடியில் செருகி வைத்தான்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. தண்ணீர் லாரி ஓட்டுநர், செத்துப்போன அவள் கணவனின் கூட்டாளி, காலித் தொட்டிக்குள் அவனை வைத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தலைவர் வரும் நாளில்தான் அது முடியும். அன்றைக்குச் சாவடிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் சாலையோரம் விறைத்து நிற்பார்கள்.

அதற்கு முந்தின நாள்தான் வினை வந்தது. மேற்பார்வையாளர் சாலையில் நின்று மாடிகளை அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தால் தோற்றம், தோற்றம் என்பார். அதனால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரே தோற்றம். அவர் வழுக்கையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. மேகத்தைப் பார்த்தார், மழை இல்லை. மூலை வீட்டுக் கொடியில் ஒரு சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. குடிப்பதற்கு அவள் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரில் தம்பி தன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான். அந்தக் கட்டடத்தில் துணி சொட்டி எத்தனையோ காலம் ஆயிற்று என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

"திரைக்காரம்மா! அது என்ன ஈரம்?"

"இயல்பா இருக்கட்டும்னு என் குடிதண்ணியில நனைச்சுப் போட்டேன் சார்."

"அடடே! வாங்க, மேல போய்ப் பாக்கலாம்."

தம்பிக்குக் கேட்கட்டும் என்று, "பாத்து வாங்க சார், படி உடைஞ்சிருக்கு சார்," என்று மாடிக்கு மாடி கத்திக்கொண்டே ஏறினாள். அவனுக்குக் கேட்டால்தானே! கதவைத் திறந்தால், பனியனோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

தோற்றத்துக்கு மூச்சு வாங்கியது. "யாரு இது?"

"காட்சி ஆள் சார்," என்றாள். எப்படி அந்தப் பொய் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. "துணி மட்டும் இருந்தா போதுமா? நாளைக்குத் தலைவர் வராரு. ஒரு ஆளும் இருந்தா நல்லா இருக்கும்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் தம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எழுந்து நிற்கச் சொன்னார், கொட்டாவி விடச் சொன்னார். அவன் விட்ட கொட்டாவியில் சொக்கிப்போனார். "பிரமாதம்! அச்சு அசல் குடிமகன்!"

அவளுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் நிலைக்கவில்லை.

"ஆனா இந்த ஊர்ல ஆளை நம்ப முடியாது, ஓடிடுவாங்க," என்றவர் வெளிக்கதவுக்குப் பெரிய பூட்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார். "சாவி உங்ககிட்ட இருக்கட்டும். நாளைக்கு ஜன்னல்ல ஆள் இல்லைன்னா அந்த நிமிஷமே சாவடியை மூடச் சொல்லிடுவேன்." போகும்போது, வீட்டுக்குள் அரசின் குரல் இருந்தால் தோற்றம் நிறைவாக இருக்கும் என்று ஓர் ஒலிபெருக்கியையும் பால்கனிச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை. கட்டடத்தின் பின்பக்கம் லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனதும் தம்பியின் சட்டையைக் கொடியிலிருந்து உருவி மேலே போட்டுக்கொண்டாள். தலையில் துண்டைச் சுற்றினாள்.

"என்னக்கா பண்ற?"

"கீழ ரோட்டுல நிக்கிற தோற்றத்துக்கு உன் மூஞ்சியா தெரியும்? ஜன்னல்ல ஒரு உருவம் இருந்தா போதும். கிளம்பு. வெளிய பூட்டிட்டுப் போ, பூட்டுத் தொங்கலைன்னா சந்தேகம் வரும்."

"உன்னைப் பூட்டிட்டா? நான் மாட்டேன்."

"அறைஞ்சேன்னா பல்லு கொட்டிரும். போடா!"

அவன் அவள் கையைப் பிடித்து ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டான். கதவு மூடியது. பூட்டு விழுந்தது. பிறகு கதவுக்கு அடியில் சாவி உள்ளே சறுக்கிக்கொண்டு வந்தது. வெளிப்பூட்டுக்கு உள்ளே சாவி! அவசரத்தில்கூட அக்காவுக்கு வழி விட்டுப் போவதாக நினைத்திருக்கிறான் மடையன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே தோற்றம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தூரத்தில் சாவடி தெரிந்தது. லாரி போய் நின்றது. தடுப்புக் கட்டை எழும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி கத்தியதில் அவள் நெஞ்சு அடிப்பதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. கட்டை எழும்பியது. லாரி போயிற்று. அது கண்ணுக்கு மறையும் வரை அவள் அசையவில்லை.

தலைவரின் கார்களும் சர்ரென்று போய்விட்டன. யாரும் மேலே வரவில்லை. ஒலிபெருக்கி அடுத்த அறிவிப்பைத் தொடங்கியது: ஐந்தாவது மாடி மூலை வீடு இனி மாதிரி வீடு; அதன் தோற்றம் திருப்தி அளிக்கிறது. இன்று முதல் காட்சிக் குடிமக்கள் மறு உத்தரவு வரை வீட்டிலேயே இருப்பார்கள். அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

மூன்றாவது முறை அது அதையே சொன்னபோது அவள் எழுந்து உள்ளே போனாள். தூக்கிப் போடச் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டான், அவன் குணம் அவளுக்குத் தெரியும். மண்டியிட்டு, மெத்தைக்கு அடியில் கைவிட்டு, பிளேயரைத் தேடினாள்.