ஆத்மநாதன் கொல்லையில் பதின்மூன்று வகை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருக்கும் பிளெஸ்ஸி, மோட்டார் போடச் சொல்ல இறங்கி வந்தவள், படியிலேயே உட்கார்ந்து சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. ஆனா என்னைய நல்லவளாக் காட்டாதீங்க."

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'ஒரு பிடி மண்ணுக்குள் கோடி உயிர்கள்...' (வேண்டாம். பாடப்புத்தக வாடை அடிக்கிறது.)

2

பிளெஸ்ஸி மண் பாக்டீரியாக்களை ஆராய்கிறவள். கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் நாற்பது கடலைக் கொல்லைகளில் செடி பிடுங்கி வந்து, முடிச்சுகளில் இருந்தவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டாள். மற்ற கொல்லைகளில் இரண்டு வகை, மிஞ்சினால் மூன்று. திருமயத்துக்குப் பக்கத்தில் ஆத்மநாதன் என்பவரின் கொல்லையில் மட்டும் பதின்மூன்று. அவற்றில் ஒன்பது, வேறெங்கும் அவள் காணாதவை.

அன்று அதைச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. கைபேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். ஆத்மநாதனின் எண்ணும் அதில் இருந்தது. அதையும் தாண்டித்தான் போனாள்.

3

மூன்று வருடம் கழித்து, பொங்கல் விடுமுறையில், அந்த பாக்டீரியாக்களைக் குப்பிகளில் உறையவைத்திருந்த ஆய்வக ஃப்ரீசர் பழுதாகி நான்கு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் அவள் கதவைத் திறந்தபோது...

(இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதினேன். நான் அங்கே இல்லை. விட்டுவிடுகிறேன்.)

குப்பிகளில் இருந்ததை வளர்த்துப் பார்த்தாள். ஒன்றும் வளரவில்லை. மறுபடி மண் எடுக்க முதலில் ஆத்மநாதனிடம்தான் போனாள்.

4

கொல்லை இருந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம். மனைவி இறந்தபின் தனியாக இருக்கும் ஆத்மநாதன், வாசலில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். மண்ணு எடுத்துட்டுப் போனவங்கதானே?"

"கொல்லை என்னங்கய்யா ஆச்சு?"

"ரிசல்ட்ட வந்து சொல்றேன்னுட்டுப் போனீங்க. ரெண்டு வெள்ளாமை பாத்தேன், வரல. ஒண்ணுமில்லாத மண்ணு போலன்னு நெனச்சுக்கிட்டேன். ரோட்டு வேலைக்குக் கேட்டாங்க. அள்ளிக்கங்கன்னுட்டேன்."

அவள் பள்ளத்தின் ஓரம் வரை போய் எட்டிப் பார்த்தாள். அவரே கேட்டார்: "ஏன் மேடம், எதுனாச்சும் இருந்துச்சா அதுல?"

5

இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். அவளை 'இல்லை' என்று சொல்ல வைத்தால் அந்த மனிதர் நிம்மதியாக இருப்பார். அப்படியே ஒரு பக்கம் எழுதி அவளிடம் காட்டினேன்.

"நல்லாருக்குண்ணே. ஆனா நான் அப்படிச் சொல்லல."

அவள் உள்ளதைச் சொன்னாள். பதின்மூன்று வகை, ஒன்பது வேறெங்கும் இல்லை, வந்து சொல்லாதது தன் தப்பு.

அவர் சோற்றை மூடி வைத்தார்.

"யூரியா போடாமயே பச்சையா நிக்குது, இந்த மண்ணுல என்னமோ இருக்குன்னு எம் பொஞ்சாதி சொல்லிக்கிட்டே இருப்பா. நாந்தான் சிரிப்பேன்."

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். "இங்கிட்டு வாங்க. வரப்போரமா ஒரு முழம் அள்ளாம விட்ருக்காங்க. காஞ்சு கெடக்கு. இருக்கோ இல்லையோ."

இருவரும் சேர்ந்து இரண்டு பை நிரப்பினார்கள். பஸ் ஏற்றிவிடும்போது சொன்னார்: "இருந்தாலும் வந்து சொல்லுங்க. இல்லைன்னாலும் வந்து சொல்லுங்க. போன்ல வேணாம்."

6

ஆய்வகத்தை நம்ப மனமில்லாமல், அந்த மண்ணைத் தொட்டிகளில் போட்டு எங்கள் மொட்டை மாடியில் கடலை விதைத்திருக்கிறாள். செடி முழங்கை உயரம் வந்துவிட்டது. நாளைக் காலை பிடுங்கிப் பார்க்கப் போகிறாள்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் வேர் நிறைய முடிச்சுகள். மற்றதில் வெறும் வேர். இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவது ஆறுதலுக்காக எழுதியது. இரண்டாவது, ஆறுதலுக்காக எழுதுகிறவன் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக.

அந்த வேரில் என்ன இருக்கும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் சரி, அவளைத் திருமயம் பஸ்ஸில் மட்டும் ஏற்றிவிடுங்கள்.